மூடாத கோடு

"கோட்டை மூடுன்னு நேத்தே சொன்னேன்ல?"

"சொன்னே அக்கா, ஆனா அந்தப் பொண்ணு..."

"ஸ்கூல்ல என்னை அக்கான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை..."

"சரி மேடம், கைப்பையைக் கீழ வைக்காதீங்க, ஏறிடும்."

அதற்குள் வைத்தாயிற்று, பை நீலமாகிவிட்டது. ஒரு டேப்லெட்டின் திரையிலிருந்து வழிந்த நீலம் பள்ளியை விட்டுத் தெருவில் இறங்கி அன்றோடு நான்கு நாள். ஈரம் கிடையாது, வாசனை கிடையாது, நிறம் மட்டும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகத்துக் கதைப்புத்தகம் ஒன்றை, குளத்தைத் தாண்டியே அறியாத ஒரு வாத்தின் கதையை, ஆளுக்கொரு பக்கமாக டேப்பில் வரைந்து, தங்கள் குரலிலேயே பேசிப் பதிந்து, வெள்ளிக்கிழமை பெற்றோருக்குப் போட்டுக்காட்ட வேண்டும். சொதப்பினால் கம்ப்யூட்டர் அறையைப் பழையபடி உடைந்த நாற்காலிகளுக்கே விட்டுவிடுவதாகத் தலைமையாசிரியையான அக்கா சொல்லியிருந்தாள். கம்ப்யூட்டர் டீச்சரான தங்கை அந்த அறையைக் கேட்டு வாங்கவே மூன்று வருஷம் நடையாய் நடந்தவள். கடைசிப் பக்கம் முன்வரிசைப் பெண் ஒருத்திக்கு விழுந்தது. குளத்துக்கு வட்டம் போட்டாள், திரையோரத்து வண்ண வாளிக் குறியைத் தொட்டு நடுவில் நீலம் ஊற்றினாள். வட்டத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி. இடைவெளி விட்டால் வண்ணம் பக்கம் முழுக்கப் பரவும் என்பது முதல் வாரப் பாடம். இது பக்கத்தோடு நிற்கவில்லை. மேஜை, சுவர், வாசல், பிறகு எதிரே தையல்கடை. தையல்காரர் வெள்ளையாக வெட்டிய சட்டையை நீலமாகத் தைத்து முடித்தார். வாங்க வந்தவர் காசைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு போனார், அவரும் இடுப்புவரை நீலம். செய்ததைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். டீச்சர் குடித்து வைத்த காபி கோப்பையில் மறுபடி நிரம்பியதே தவிர நீலம் அசையவில்லை.

கோட்டை மூட ஒரு இழுப்பு போதும். அந்தப் பெண் டேப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சுதான் விட்டேன் மிஸ். மூடிட்டா வாத்து எந்த வழியா வெளிய வரும்?" என்றாள். முடிவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொன்னதே டீச்சர்தான்.

"நீ நகரு, நானே மூடறேன்" என்று அக்கா பேனாவை எடுத்தாள். திரையில் வாத்து இடைவெளிக்குள் கழுத்தை நீட்டியிருந்தது. பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது.

"கழுத்தோட சேர்த்தா மூட முடியும்?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்தார்கள், கை தட்டினார்கள், தங்கள் கால்களைப் பார்த்தபடி போனார்கள். அறை தப்பியது. நீலம் ஆறு வருஷத்தில் ரயில் நிலையம்வரை போய், என்ன தோன்றியதோ, அங்கேயே நின்றுகொண்டது. பெயிண்ட் கடைக்காரர் நீல டப்பாக்களை வரவழைப்பதை நிறுத்திவிட்டார். அந்தப் பெண் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். டேப் தலைமையாசிரியையின் மேஜையில் எந்நேரமும் சார்ஜில் கிடக்கிறது. கோட்டை யாரும் தொடக் கூடாது என்பது உத்தரவு. வாத்துக்கு ஒரு அவசரமும் இல்லை. இதுவரை இரண்டு இறக்கையும் ஒரு காலும் வெளியே வந்தாயிற்று. தங்கை கதவருகே நிற்பது தெரியாமல், தன் அறையைப் பூட்டுமுன் அக்கா திரைமேல் குனிகிறாள்.

"மார்ச்சோட நான் ரிட்டயர் ஆகறேன் கண்ணு, அதுக்குள்ள அந்த இன்னொரு காலையும் எடுத்து வெளிய வெச்சுடேன்."