மூன்று ராத்தல் போல்ட்டு, ஒரு ராத்தல் நட்டு

திங்கட்கிழமை வெள்ளைக்காரத் தலைமையாசிரியை வகுப்பில் வந்து உட்காரப் போகிறார். பாடம் அவருக்குத் திருப்தியானால் பெண்களுக்கு இரசாயனம் நீடிக்கும். இல்லாவிட்டால் அந்த நேரம் தையலுக்குப் போய்விடும். அந்தப் பிரிக்பீல்ட்ஸ் பள்ளியில் இரசாயனம் நடத்துபவள் டோரிஸ் ஒருத்திதான். அன்றைய பாடம், அணுக்களை எண்ணும் அளவான மோல். நடத்த வேண்டியவளுக்கே அது பிடிபடவில்லை.

பன்னிரண்டு கிராம் கரியிலும் பதினாறு கிராம் ஆக்சிஜனிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுதான் என்றது புத்தகம். எடை வேறு, எண்ணிக்கை மட்டும் ஒன்றா? இரண்டு பக்கம் தள்ளி, வாயுக்களில் சம கொள்ளளவுக்குச் சம எண்ணிக்கை என்றிருந்தது. டோரிஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் அரிசி முதல் சீனி வரை எல்லாம் பால் டின்னில்தான் அளப்பார்கள். சனிக்கிழமை ஒரு டின் கொண்டைக்கடலையும் ஒரு டின் பச்சைப்பயறும் அளந்து, சமையலறைத் தரையில் கொட்டி எண்ணினாள். கடலை ஆயிரத்துச் சொச்சம். பயறு நாலாயிரத்தைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறிவிட்டது.

செந்தூல் ரயில் பட்டறையின் ஸ்டோரில் வேலை பார்க்கும் அண்ணன் செபாஸ்டியன் வாசலில் நின்று பார்த்தான்.

“என்ன தங்கச்சி, ஒவ்வொரு கடலைக்கும் பேரு வைக்கிறியா?”

“ஒரே டின்னுதான் அண்ணே. எண்ணிக்கை ஏன் ஒண்ணா வரல?”

“பெருசா இருந்தா கொஞ்சந்தான் புடிக்கும். இதுக்கா உன்னைப் படிக்க வச்சாங்க?”

“வாயுவுல மட்டும் எப்படி வருது?”

“அது எனக்குத் தெரியாது. நாங்க எண்ணுறதே இல்ல. ஒரு போல்ட்டு மூணு நட்டு கனம். மூணு ராத்தல் போல்ட்டுக்கு ஒரு ராத்தல் நட்டு. ஜோடி சரியா இருக்கும்.”

“எத்தனை ஜோடி?”

“யாரு எண்ணுனா?”

டோரிஸுக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது: அணுக்களின் கனம் பன்னிரண்டுக்குப் பதினாறு என்றால், அதே கணக்கில் நிறுத்தால் எண்ணிக்கை ஒன்றாகிவிடும். பாயில் படுத்தபோது அதுவும் போய்விட்டது. ராத்தலில் நிறுத்தால் ஓர் எண்ணிக்கை, கிராமில் நிறுத்தால் வேறொன்று. அப்படியானால் கிராமில் என்ன விசேஷம்?

திங்கட்கிழமை, அண்ணன் கெஞ்சி வாங்கிவந்த போல்ட்டும் நட்டும் மேசைமேல் இருந்தன. பாசாரில் ஒரு கடைக்காரரிடம் இரவல் வாங்கிய தராசும் இருந்தது. தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்தார்; தமிழ் பேசமாட்டார், கேட்டால் புரியும். பெண்கள் நிறுத்தார்கள், ஜோடி சேர்த்தார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை. டோரிஸுக்கு மூச்சு வந்தது.

அப்போது சந்திரகலா எழுந்தாள். “டீச்சர், கிராம்ல நிறுத்தாலும் ஜோடி சேருமா?”

“சேரும்.”

“எண்ணிக்கை மாறுமே?”

“மாறும்.”

“அப்புறம் ஏன் கிராம்தான் வேணும்கிறாங்க?”

கடைசி பெஞ்சில் பென்சில் ஓடுவது கேட்டது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அவள் சுண்ணக்கட்டியை மேசையில் வைத்தாள்.

“அது எனக்கும் இன்னும் புரியல,” என்றாள் டோரிஸ்.

தலைமையாசிரியை மேசைக்கு வந்தார். ஒரு நட்டை எடுத்துப் போல்ட்டில் முடுக்கினார், பிறகு கழற்றினார். ஜோடி சேர்த்தது வரை தமக்கு விளங்கியது, அதன்பின் விளங்கவில்லை என்றார் ஆங்கிலத்தில். அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை தமக்கும் வேண்டுமாம். வியாழக்கிழமை மறுபடி வருவாராம். தையல் அதுவரை நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

“டீச்சர், நாம பாஸா?” என்றாள் சந்திரகலா.

“தெரியல. உக்காரு.”