தட்டக் கூடாத கதவு

குக்கர் முதல் விசிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே அம்மா பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தாள். கூடத்திலிருந்து அப்பா கண்ணாலேயே அவளை எரித்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெரியவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சிரிக்கக் கூடாது. அறைக்குள் தம்பி படிக்கிறான்.

படிக்க வேண்டியவள்தான் அவளும். இரட்டைப் பிள்ளைகள், ஒரே வகுப்பு, விடிந்தால் ஒரே பரீட்சை. முதலில் பிறந்ததால் பெரியவள் என்று பேர். கடைசிப் பாடத்தை அவள் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வினை பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது. பரீட்சை நேரத்தில் பிள்ளைகளுக்கு மன அழுத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீடு அமைதியாக இருக்கட்டும், சிரிக்கச் சிரிக்கப் பேசுங்கள் என்று பெற்றோரைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். ஊருக்கெல்லாம் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் அப்பா, அன்றே தன் வீட்டு வாயை அடைத்துவிட்டார். அழைப்புமணியைக் கழற்றினார். தம்பியின் கதவை யாரும் தட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது, எதுவானாலும் சைகைதான். பார்க்க வந்த அத்தை, ஆளாளுக்கு வாய்மூடி நிற்பதைக் கண்டு யாரோ போய்ச்சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழுகை முடிவதற்குள் அவளை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

பெரியவளுக்கும் இதில் பங்கு உண்டு. மணிக்கொரு தரம் தம்பிக்குப் பால், நெற்றிக்குத் தைலம், கூடவே சைகையிலேயே ஒரு ஜோக்.

"அவளுக்கும் நாளைக்குப் பரீட்சைங்க," என்றாள் அம்மா கிசுகிசுப்பாக.

"பொம்பளப் புள்ளைக்கு என்னடி அழுத்தம்? பாஸானாலும் ஃபெயிலானாலும் இன்னொரு வீட்டுக்குப் போறவதானே," என்றார் அப்பா, அதைவிடக் கிசுகிசுப்பாக. அநியாயத்தைக்கூட அந்த வீட்டில் மெதுவாகத்தான் பேசினார்கள்.

சாயங்காலம் அறைக்கதவு தானாகத் திறந்தது. முகம் வெளிறிய தம்பி, புத்தகமும் கையுமாகச் சமையலறைக்கு வந்தான்.

"அங்க பயமா இருக்குக்கா. என் மூச்சுச் சத்தம் எனக்கே கேக்குது. நான் இங்கயே உன்கூட உக்காந்து படிக்கிறேனே?"

பாவம், அவனைச் சொல்லி என்ன குற்றம். அவள் பதில் சொல்வதற்குள் அப்பா ஓடி வந்துவிட்டார். நாற்காலி வந்தது, மேசைவிளக்கை நகர்த்தினால் சத்தம் வருமென்று டார்ச் வந்தது, வெங்காயக் கூடை கொல்லைக்குப் போயிற்று. தம்பிக்கு இடைஞ்சலாக நிற்காதே, வெளியே போ என்று பெரியவளைப் பார்த்துக் கையை வீசினார்.

அவள் போனாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டுதான் போனாள். எதிரே தம்பியின் அறை காலியாகக் கிடந்தது. மேசை, விளக்கு, மின்விசிறி, எல்லாம் இருந்தன. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

பால் கொடுக்கும் நேரம் வந்தது. கொடுக்க ஆளில்லை. அப்பா அந்தக் கதவின் முன் போய்த் தட்டக் கையை ஓங்கினார். சமையலறையில் தம்பி திடுக்கிட்டு நிமிர்ந்தான். அம்மா ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள். கூப்பிட வாயைத் திறந்தார். மறுகையால் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதீங்க," என்றாள் அவர் காதோரம். "பொண்ணு படிக்குது."

அப்பா மூடிய கதவைப் பார்த்து, வெளியே வா, வெளியே வா என்று நெடுநேரம் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.