எழாத புறாக்கள்

எங்கள் மலையில் இருக்கும் கிலுகிலுப்பைப் புறா கைக்குள் அடங்கிவிடும். கண்ணைச் சுற்றி இறகில்லாத ஆரஞ்சுத் தோல் இருக்கும். தரையில் கிடக்கும் விதையைத்தான் பொறுக்கித் தின்னும். மிதிக்கப் போகும்வரை அசையாமல் இருந்துவிட்டு, கிலுகிலுவென்று சிறகடித்து எழும்.

முந்தின நாள் கோதுமை விதைத்த வயலில் அன்று காலை நான் நடந்தபோது ஒன்றுகூட எழவில்லை.

"குடிச்சிட்டுக் கெடக்குதுங்க, உன்னை மாதிரியே," என்றான் என் மனைவியின் அண்ணன் மெலித்தோன்.

ஒன்றைத் தூக்கினேன். தலை தொங்கியது. அலகில் ரோஜா நிறப் பொடி ஒட்டியிருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க விதையோடு கலந்து வந்த மருந்து அது.

"மச்சான், மிச்ச விதை எங்கே?"

"கழுவி வறுக்கிறேன்னு தங்கச்சி தூக்கிட்டுப் போச்சே."

சரிவில் விழுந்து எழுந்து வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி ஃபோர்துனாத்தா அடுப்பில் கோதுமையைக் கிளறிக்கொண்டிருந்தாள். சட்டியை எட்டி உதைத்தேன்.

"பைத்தியமாய்யா உனக்கு? மூணு தண்ணி விட்டுக் கழுவுனேன்!"

"வாயில போட்டியா?"

"வறுக்கிறவ வாயில போடாம வறுப்பாளா?" என்றாள், கன்னத்தில் ஒதுக்கியிருந்ததை மென்றுகொண்டே.