சிறுநீரகப் பாடம்

“ஏட்டுச் சுரைக்காய்க்கு எத்தனை கலர் அடிச்சா என்ன சார்?”

நிர்வாக அலுவலர் சட்டென்று சிரித்துவிட்டார். துறைத் தலைவர் சிரிக்கவில்லை. கேட்டது விரிவுரையாளர், பணியில் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவள். வாய் தன்னை முந்திக்கொண்டதில் அவளுக்கே காது சூடானது. மேசையில் இரண்டு புத்தகங்கள் கிடந்தன. ஒன்று ஆயிரத்து இருநூறு பக்கம், வழுவழுத் தாள், தசைகளெல்லாம் பழக்கடைபோல் மின்னின. மற்றது அதில் கால்வாசி, கோட்டுப் படங்கள்தான். செவிலியர் கல்லூரியின் முதலாண்டுக்கு, உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் சொல்லித்தர, இவற்றில் ஒன்று இன்று முடிவாக வேண்டும். போன பருவத்தில் தோற்ற ஏழு மாணவிகள் அதை வைத்துத்தான் மறுதேர்வு எழுதப்போகிறார்கள். அதிலும் தோற்றால் பெயர் நீக்கம்.

“நீங்களே பெரிய புத்தகத்துக்குத்தானேம்மா அதிக மார்க் போட்டிருக்கீங்க?” தலைவர் மதிப்பீட்டுப் படிவத்தைத் தட்டினார்.

“ஆமா சார். தாள், கட்டமைப்பு, படம், கலைச்சொல் பட்டியல்னு கேட்டதுக்கெல்லாம் போட்டேன். சின்னதுல ரெண்டு படத்துல குறியீடு தப்பு, அதையும் எழுதியிருக்கேன். ஆனா படிச்சவளுக்குப் புரிஞ்சுதான்னு படிவத்துல ஒரு கட்டமே இல்லை. அதான் அதுக்குன்னு கடைசி வரியை ஸ்கேல் வெச்சு நானே போட்டேன், மார்க் இன்னும் எழுதலை.”

அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று வாரம் இருந்தது. ஏழு பேருக்கும் இரண்டு புத்தகங்களிலிருந்தும் பாடங்களைப் பிரித்துக் கொடுத்தாள். படித்து, மூடிவைத்து, ஆய்வகத்தில் எலும்புக்கூடு துடைக்கும் அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் பள்ளிப் படிப்போடு நின்றவர், ஆனால் புரியாததற்குத் தலையாட்டாதவர். அவருக்குப் புரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதினார். பெரிய புத்தகத்துக்கு எதிரே, “பொண்ணுக்கு ரொம்ப வேர்த்துச்சு” என்று இருந்தது. அந்தப் புத்தகத்தில் பெண்கள் அடிக்கோடிட்ட பிரதியை விரிவுரையாளர் புரட்டிப் பார்த்தாள். மஞ்சள் மை படாத வரியே இல்லை. எது முக்கியம் என்று தெரியாதவர்கள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மூழ்கியிருந்தார்கள்.

“ஆய்வக உதவியாளரா பாடப்புத்தகத்தை மதிப்பிடறது?” அவள் நீட்டிய அந்தத் தாளைப் பார்த்துத் தலைவர் கேட்டார்.

“அந்த ஏழு பேர்ல, சிறுநீரகத்தைச் சின்னதுல படிச்ச ஒருத்தி வெளிய நிக்கிறா சார். நீங்களே கேளுங்க.”

வந்தவளை வகுப்பில் ‘மௌனம்’ என்பார்கள். வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்குபவள். சிறுநீரகம் என்ன செய்கிறது என்று தலைவர் கேட்டார். அவள் உதட்டை ஈரப்படுத்தினாள், சுவரைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் விரிவுரையாளர். அப்போது மௌனம் தலைவரின் பேனாக் குவளையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தாள்.

“ஏய்!” என்றார் தலைவர்.

“அலமாரியைச் சுத்தம் பண்றப்போ குப்பையை மட்டும் தேடி எடுக்க மாட்டோம் சார். மொத்தத்தையும் வெளிய கொட்டிட்டு, வேணுங்கறதைத் திரும்ப உள்ள அடுக்குவோம். அதுவும் அப்படித்தான். தண்ணி, உப்பு, சர்க்கரைன்னு ஒரு நாளைக்கு நூத்தி எண்பது லிட்டர் வடிகட்டும். ரத்த அணுவும் பெரிய புரதமும் வடியாது, உள்ளயே தங்கிடும். வடிஞ்சதுல பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கும். வேண்டாததும் கொஞ்சம் தண்ணியும்தான் வெளிய போகும்.” பேசிக்கொண்டே எழுதுகிற பேனாக்களைக் குவளைக்குள் போட்டாள். மை தீர்ந்தவை மேசையில் கிடந்தன.

தலைவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அப்போ சர்க்கரை நோயாளிக்கு ஏன் சிறுநீர்ல சர்க்கரை போகுது?”

அது அவளுடைய பாடத்தில் இல்லை. மௌனம் குவளையையே பார்த்தாள். பிறகு அதிலிருந்து கை நிறையப் பேனாக்களை அள்ளினாள், இரண்டு நழுவி மேசையில் விழுந்தன.

“கை இவ்வளவுதானே சார் கொள்ளும். அதுக்கு மேல வந்தா மிச்சம் வெளியவே நின்னுடும்.”

தலைவர் அந்த இரண்டு பேனாக்களையும் தன் பக்கம் இழுத்தார். ஒன்றை எடுத்து, ஸ்கேலால் போட்ட வரிக்கு நேரே சின்னப் புத்தகத்துக்குப் பத்துக்குப் பத்து எழுதிக் கையெழுத்திட்டார். “அந்த ரெண்டு படத்தைத் திருத்தி அச்சடிச்சு ஒட்டச் சொல்லும்மா,” என்றார். விரிவுரையாளருக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. ஏழு பேரும் தேறிவிட்டதுபோலவே மனம் துள்ளியது. மௌனத்தின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். அவள் முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

நிர்வாக அலுவலர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மேசையில் மிச்சமிருந்த பேனாக்களை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“பாப்பா, பத்து மாசமா எங்க வீட்டம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. இன்னிக்குச் சாயங்காலம் வந்து, அவகிட்டயும் ஒரு தடவை சொல்றியாம்மா?”