செலவில்லாத விசா

அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் வெடி வைப்பதற்கு முன்னால் பேர் கூப்பிடுவது வழக்கம். மேஸ்திரி குழந்தைவேல் மேட்டில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். மறைப்புக் குழிக்குள் பதுங்கியிருக்கும் ஆள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வரவில்லை என்றால் திரியில் நெருப்பு வைக்கக் கூடாது, ஆளைத் தேடப் போக வேண்டும். இதற்கு எழுத்தில் சட்டம் கிடையாது. எழுத்தில் இருந்த சட்டங்களை யாரும் மதித்ததும் கிடையாது.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள், "உத்திராபதி!" என்று மேஸ்திரி கூப்பிட்டார். "இருக்கேன்" என்று குரல் வந்தது. அந்தக் குரல் உத்திராபதியுடையதல்ல. அவருக்கு உதவியாளாக இருந்த ராசாங்கத்தினுடையது. மாமா பின்னால் எங்கேயாவது பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பார், இந்த வெயிலில் மேஸ்திரியை இன்னும் இரண்டு தரம் கத்தவிடுவானேன் என்று நினைத்துவிட்டான். உத்திராபதியோ மறந்து வைத்த வெற்றிலைப் பையை எடுக்கக் கீழே இறங்கியிருந்தார். வெடி நன்றாக வெடித்தது. பையில் ஒரு வெற்றிலைகூடக் கசங்கவில்லை.

பதில் சொன்னது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ராசாங்கமும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மஸ்கட்டில் மலையை உடைத்து ரோடு போடுகிறார்கள், வெடி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. ராசாங்கம் பெரம்பலூர் போனான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஏஜென்ட் பாலசுந்தரத்தின் அறை. ஒரு மேசை, ஓடாத ஒரு மின்விசிறி, சுவரில் பறந்துகொண்டிருக்கும் ஒரு விமானம்.

"என்னா வேலை தெரியும்?"

"வெடி வேலைங்க. பத்து வருசமா உதவியா இருக்கேன்."

"உதவிக்கெல்லாம் விசா கெடையாதுய்யா. வேலை தெரிஞ்சவன்னு சர்க்கார் பேப்பர் சொல்லணும். லைசென்ஸ் வச்சிருக்கியா?"

"இல்லீங்க."

"ஒங்க சுரங்கத்துல யாருகிட்டயாவது இருக்கா?"

"எங்க உத்திராபதி மாமாகிட்ட இருந்துச்சு. அவரு செத்துட்டாருங்க."

பாலசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. "செத்துட்டாரா? அப்ப அவருக்கு அது தேவையில்லையே!"

கட்டணம் எட்டாயிரம். பாஸ்போர்ட், மெடிக்கல், போட்டோ, பம்பாய்ப் பயணம் எல்லாம் தனி. இனி எல்லாக் காகிதத்திலும் அவன் பேர் உத்திராபதி.

உத்திராபதியின் மனைவி கொளஞ்சியம்மாள் கல்லங்குறிச்சி ரோட்டோரத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். புருஷனுடைய லைசென்ஸைத் தகரப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

"மாசம் நூறு ரூவா அனுப்பிடு தம்பி. இந்த ரெண்டும் சோத்துக்குத்தான் பொறந்திருக்குது."

"அனுப்பிடுறேங்க்கா."

"அவரு பேர்ல போறே. இனிமே உத்திராபதின்னு கூப்புட்டா நீதான் குரல் குடுக்கணும்."

ராசாங்கம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். போதவில்லை. இன்னொரு சொம்பும் குடித்தான்.

பணத்துக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லையை விற்றான். கறவை மாடு போயிற்று. மனைவி வேம்பு காதிலிருந்து கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள்.

"நீ மஸ்கட்டு போறதுக்குக் கொல்லை போயிருச்சு, மாடு போயிருச்சு, கம்மல் போயிருச்சு. நீ ஒருத்தன்தான் இன்னும் போவல."

முதல் தவணையை மடியில் கட்டிக்கொண்டு ராசாங்கம் பஸ் ஏறினான். கண்டக்டர் செல்லமுத்து இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"ஒரு ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு டிக்கெட்டு?"

"பக்கத்துல ஒக்காந்திருக்கறது ஒன் ஆளுதானே? சுண்ணாம்புல பொரண்டு எந்திரிச்ச மாதிரி இருக்காரு. கேட்டா ஒன்னையக் கைகாட்டுறாரு."

ராசாங்கம் திரும்பிப் பார்த்தான். ஆள் இல்லை. ஆனால் சீட்டின்மேல் வெள்ளைத் தூசி, ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு, உட்கார்ந்த வடிவத்தில் படிந்திருந்தது. நம்பாதவர்கள் செல்லமுத்துவையே கேட்கலாம். அவர் காலமாகி நாளாகிறது. அதனால் என்ன, கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பெரம்பலூரில் டீக்கடைக்காரன் கேட்காமலே இரண்டு கிளாஸ் வைத்தான். ஒன்றை ராசாங்கம் குடித்தான். இன்னொன்று தானாகக் காலியாயிற்று.

"சக்கரை பத்தலை மாப்ளே" என்றது காதோரத்தில் ஒரு குரல். வெடிமருந்துப் புகை நாற்றம் அடித்தது.

ராசாங்கம் கிளாஸைக் கீழே வைத்தான். "மாமா... என்னைய மன்னிச்சிடு மாமா."

"எதுக்குடா மன்னிக்கணும்? கூப்புட்டதுக்கு இருக்கேன்னு நீதானே சொன்னே? அதான் இருக்கேன்."

அன்றிலிருந்து எல்லாச் செலவும் இரட்டைச் செலவு. அரியலூர் ஸ்டூடியோவில் போட்டோ பிடித்தார்கள். முதல் பிரதியில் ராசாங்கத்தின் தோளுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மூன்றாவது பிரதியில் அது முகத்துக்கு வந்துவிட்டது. ஆறாவது பிரதியில் மீசை இருந்தது. ராசாங்கம் ஆயுசில் மீசை வைத்தவனில்லை. போட்டோக்காரர் லென்ஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கான காசை வாங்கிக்கொண்டார்.

மெடிக்கலுக்குத் திருச்சி. டாக்டர் குழாயை மார்பில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இருதயம் அடிக்கலையேப்பா."

"கல்லு வேலை சார். கொஞ்சம் மெதுவாத்தான் அடிக்கும்."

"நாடியும் இல்லை. மத்தபடி உடம்பு தெம்பாத்தான் இருக்கு." இல்லாத நாடியை எழுதாமல் விடுவதற்கு டாக்டர் நூறு ரூபாய் வாங்கினார். 'தகுதி உண்டு' என்று முத்திரை விழுந்தது.

வீட்டுக்கு வந்தால் வேம்பு இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். இரண்டாவது தட்டைப் பார்த்து அவளே திகைத்தாள்.

"இது யாருக்கு வச்சேன்?"

அந்தத் தட்டில் சோறு குறைந்துகொண்டே வந்தது. அவள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் தினமும் இரண்டு தட்டு வைத்தாள். விருந்தாளியைப் பட்டினி போட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

நாளாக ஆக வேறொன்றும் நடந்தது. எதிரே வருகிறவர்கள் ராசாங்கத்தைப் பார்க்காமலே கடந்து போனார்கள். அவன் நிற்கும் இடத்தில் நின்று அவனைப் பற்றியே பேசினார்கள். சொந்த நாய் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு, குழப்பத்தோடு விலகிப் படுத்தது. கொல்லையும் மாடும் கம்மலும் போன வழியில் தானும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது.

பம்பாயில் விசாவுக்காக நாற்பது நாள் காத்திருந்தான். ஒரு கொட்டகையில் முப்பது பேர். பாய் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வாடகை. ராசாங்கத்துக்கு இரண்டு பாய். காலையில் எழுந்து பார்த்தால் இரண்டாவது பாய் வெள்ளையாக இருக்கும். அதை உதறிச் சுருட்டி வைப்பதே அவன் வேலையாயிற்று.

கடைசியில் அந்த நாள் வந்தது. விமான நிலைய வாசலில், பட்டப்பகலில், ஏஜென்டின் ஆள் பாஸ்போர்ட்டுக் கட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டான். குரல் கொடுத்தவர்கள் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

"உத்திராபதி!"

ராசாங்கத்தின் நாக்கு பழக்கதோஷத்தில் மேலே எழும்பியது. வாயைத் திறந்தால் மஸ்கட். மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாய். அதே சமயம் கசங்காத அந்த வெற்றிலைப் பை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"உத்திராபதி!"

ஒன்றரை ஏக்கர் கொல்லை. காதில் வேப்பங்குச்சியோடு வாசலில் நிற்கும் வேம்பு. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"யோவ், உத்திராபதி யாருய்யா?"

"இருக்கேன்" என்றது அவனுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

ஏஜென்டின் ஆள் போட்டோவைப் பார்த்தான், எதிரே பார்த்தான், மீசை சரியாக இருந்ததால் பாஸ்போர்ட்டை நீட்டினான். பளபளத்த தரையில் வெள்ளைக் காலடிகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு உள்ளே போயின. கதவருகே அவை ஒருமுறை நின்றன.

"இன்னைக்குத்தான் மாப்ளே ஒழுங்கா மூணு தரம் கூப்புட்டானுவோ" என்று குரல் மட்டும் வந்தது.

ராசாங்கம் பம்பாயில் மூட்டை தூக்கி டிக்கெட்டுக்குச் சம்பாதித்து ஊர் வந்து சேர்ந்தான். ஒரு டிக்கெட்தான் கேட்டார்கள். வேம்பு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு தட்டு வைத்தாள். நாய் வாலாட்டியது. பழையபடி சுரங்கத்துக்கே கூலிக்குப் போனான்.

மறு மாதத்திலிருந்து கொளஞ்சியம்மாளுக்கு மஸ்கட்டிலிருந்து டிராப்ட் வர ஆரம்பித்தது. நூறு இல்லை, எண்ணூறு. தவறாமல் முதல் வாரத்தில் வந்துவிடும். பிணத்தைத் தூக்கிய நாலு பேரும் ஊரில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "துபாய் போன மேலத்தெருக்காரன் உசுரோட இருந்துக்கிட்டு ஒத்த ரூவா அனுப்பல. செத்த மனுசன் அனுப்புறான் பாரு" என்று மெச்சிக்கொண்டார்கள். கொளஞ்சியம்மாள் குங்குமம் வைத்துக்கொள்ளலாமா என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

எண்பத்தொன்று தை மாதம் அவள் மஸ்கட்டிலிருந்து வந்த ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு ராசாங்கத்தின் வீட்டுக்கு வந்தாள். உறையைப் பிரித்தபோது சுண்ணாம்புத் தூசி உதிர்ந்தது. ஐந்தாவது வரை படித்த வேம்பு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"'ராசாங்கம் மாப்பிள்ளைக்கு இங்கே ஒரு விசா பார்த்து வைத்திருக்கிறேன். எனக்காக ரொம்பச் செலவழித்துவிட்டான். இதற்கு ஏஜென்ட் கிடையாது. போட்டோ வேண்டாம். மெடிக்கல் வேண்டாம். ஒரு பைசா செலவில்லை. அவன் பேரைக் கூப்பிடுவார்கள். குரல் கொடுத்தால் போதும்.'"

வேம்புவின் முகம் பூரித்தது. "செலவே இல்லையாம்யா! கூப்புட்டா ஒரு வார்த்தை சொல்லணுமாம், அவ்வளவுதான்!"

ராசாங்கம் கீழே உதிர்ந்திருந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் சுரங்கத்தில் இருபத்திரண்டு குழி வெடி. எல்லாரும் மறைப்புக்குள் பதுங்கினார்கள். மேட்டிலிருந்து பேர்கள் வர ஆரம்பித்தன. மதுரைவீரன், இருக்கேன். ஆண்டவர், இருக்கேன்.

"ராசாங்கம்!"

மேஸ்திரியின் குரல் மாதிரித்தான் இருந்தது. மேட்டிலிருந்து வந்த மாதிரியும் இருந்தது, கீழே வெடிக் குழிக்குள்ளிருந்து வந்த மாதிரியும் இருந்தது. லேசாகப் புகை நாற்றம் அடித்தது.

"ராசாங்கம்!"

"ஏய், ஒன்னையத்தான்டா" என்று மதுரைவீரன் விலாவில் இடித்தான்.

மூன்றாவது தரமும் அந்தக் குரல் கூப்பிட்டது. பிறகு சத்தமில்லை. குழந்தைவேல் மேட்டைவிட்டு இறங்கி, ஆளைத் தேடிக்கொண்டு ஓடி வந்தார். மறைப்பின் மூலையில், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான் ராசாங்கம்.

"அடேய், இருக்கியா இல்லியா? வாயைத் தெறந்து சொல்லித் தொலையேன்டா!"

ராசாங்கம் தலையை இப்படியும் ஆட்டவில்லை, அப்படியும் ஆட்டவில்லை. பொத்திய கையை எடுக்கவே இல்லை. அன்றைக்கு வெடி வைக்கவில்லை.