எழுதிக் கொடுத்த பிள்ளை

அனுஷியா உப்பளத்திலிருந்து வந்தபோது புருஷன் அந்தோணிதாஸ் வேலைக்குப் போகாமல் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அவனுடைய அக்கா இன்னாசியம்மாள் பாரிசுக்குப் பக்கத்திலிருந்து பேசியிருந்தாள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். பிள்ளை இல்லை.

“அக்கா நம்ம ரெஜினாவக் கேக்குதுடி.”

“லீவுக்கா?”

“தத்துக்கு.”

காலில் ஒட்டிய உப்பைக் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் போனை நீட்டினான்.

“இங்க பாரு. அந்த நாட்ல ஹைஸ்கூல் படிக்கிற ஒரு புள்ளைக்கு கவர்மெண்டு வருசத்துக்கு இவ்ளோ செலவு பண்ணுது. இது நம்ம நாடு. பத்து மடங்குக்கு மேல வித்தியாசம். அங்க போனா நம்ம புள்ளையும் அந்தக் கணக்குல வந்துடும்.”

“பாஷையே தெரியாதே அவளுக்கு.”

“பாஷைக்குன்னே தனி கிளாஸ் வெப்பாங்களாம். அதுவும் கவர்மெண்டு செலவு.”

“நம்ம ஸ்கூல்லயே படிக்கட்டும்.”

“ஃபிசிக்ஸுக்கு வாத்தியாரே இல்லாத ஸ்கூல்லயா?”

ரெஜினா பிளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் சேர்ந்த மாதமே இயற்பியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டார். காலாண்டுத் தேர்வு முடிந்தும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

மறுநாள் அனுஷியா வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒரு வாத்தியார் வந்துவிட்டால் போதும், பிள்ளை தன்னோடு இருந்துவிடும் என்று நம்பினாள். தலைமை ஆசிரியை ரேணுகா அவளை உட்கார வைத்துப் பேசினார்.

“நானும் எழுதிப் போட்டுக்கினேதாம்மா இருக்கேன். காலியிடம்னு எல்லாருக்கும் தெரியும். ஆள்தான் வரல.”

வெளியே வரும்போது வகுப்பறை ஜன்னல் வழியே ரெஜினா தெரிந்தாள். முன்னால் நின்று புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் ரெஜினா நிறுத்தினாள். மறுபடி வாசித்துப் பார்த்தாள். யாருக்கும் விளங்கவில்லை போலிருந்தது. அந்தப் பத்தியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டாள். பிள்ளைகளும் பேசாமல் அடுத்ததை எழுதினார்கள்.

அனுஷியா அன்றே பஸ் ஏறி விழுப்புரம் போனாள். கல்வி அலுவலகத்தில் சாயங்காலம் வரைக்கும் நின்றாள். “அடுத்த கவுன்சலிங்ல பாக்கலாம்மா” என்று ஒருவர் தணிவாகவே சொல்லி அனுப்பினார். பங்குச் சாமியாரைப் பார்த்தாள். சபைப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன்னுக்கு இனி இடமில்லை என்றார். திண்டிவனத்து டியூஷனுக்கு அவர்கள் கேட்ட ஃபீஸ், உப்பு வாரும் சம்பளத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாதது.

போவதற்கு வேறு இடம் இல்லாமல் மகளிடமே வந்தாள்.

“இருன்னு சொன்னா இருப்பியாடி?”

“இருப்பேம்மா.” ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். “ஆனா பயமா இருக்கு. நான் தப்பா சொல்லிக் குடுத்தா அத்தினி பேரும் தப்பா எழுதுவாங்க. டாக்டரு, இன்ஜினியருன்னெல்லாம் கேக்கலம்மா. எனக்குச் சொல்லிக் குடுக்க ஒரு ஆள் வேணும்.”

அன்றைக்கு அனுஷியா சோறு பொங்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தத்து என்பது பெரிய வேலையாக இருந்தது. மாசக்கணக்கில் அலைந்தார்கள். கடைசியில் ஒரு பெண் அதிகாரி அனுஷியாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

“யாராவது வற்புறுத்துறாங்களாம்மா? வீட்டுக்காரரு? நாத்தனாரு?”

ஆமாம் என்று கத்த வேண்டும்போல இருந்தது. யார் என்று கேட்டால் யாரைச் சொல்வது?

“இல்லீங்க.”

“அப்புறம் எதுக்குக் குடுக்கறீங்க? நல்லா வளத்திருக்கீங்களே.”

“ஃபிசிக்ஸுக்கு வாத்தியார் இல்லீங்க.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“அதுக்காகவா?”

“அதுக்காகத்தாங்க.”

அவர் காகிதத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அனுஷியா கையெழுத்துப் போட்டாள். பேர் கோணலாக விழுந்தது. “செல்லுங்களா?” என்று கேட்டாள். செல்லும் என்றார்.

ரெஜினா வைகாசியில் கிளம்பினாள். அழைத்துப்போக இன்னாசியம்மாளே வந்திருந்தாள். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்கச் சொன்னார்கள்.

“ஒரு தரம் காட்டுடி, பாக்கறேன்” என்றாள் அனுஷியா.

ரெஜினா போட்டோ இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். அனுஷியா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே பெற்றோர் பேர் எழுதிய இடத்தை ரெஜினாவின் கட்டைவிரல் சட்டென்று மூடிக்கொண்டது. விரலை எடுக்கச் சொல்லி அனுஷியா கேட்கவில்லை.

“ஜாக்கிரதையா போ. அண்ணி, பாத்துக்குங்க.”

உள்ளே போன இருவரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு கூட்டத்தில் யார் யாரென்று தெரியவில்லை. அந்தோணிதாஸ் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். அனுஷியா கண்ணாடியில் கையை ஊன்றியபடி நின்றுகொண்டேயிருந்தாள். காவலுக்கு நின்றவர் வந்து, “ஏம்மா, வழி விடும்மா” என்ற பிறகுதான் நகர்ந்தாள்.