மூன்றாவது இருக்கை

ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கி பகுதியில், பழனிவேலின் பட்டறையில் கண்காட்சிகளுக்கு மாதிரிகள் செய்வார்கள். இந்த முறை ஆள் உட்காரும் அளவில் ஒரு ரஷ்ய சோயூஸ் விண்கலம். வேலைக்கு மூன்று பேர்: இரண்டு வெள்ளைக்காரர்கள், அப்புறம் வெற்றி. வெற்றியின் விசா இந்த வேலையை நம்பி இருந்தது. வேலை போனால் அதுவும் போச்சு. மதுரையில் அவன் மனைவி அபிதா, ஆக்லாந்து வர டிக்கெட் எடுத்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

மற்ற இருவரும் முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட, இவன் மட்டும் அண்ணா என்பான். அந்த ஒரு சொல் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினான், அப்பாவி.

சோயூஸில் ஒவ்வொரு இருக்கையையும் அதில் உட்காருபவரின் உடம்பை அச்செடுத்துத்தான் செய்வார்கள். மூன்றாவது இருக்கைக்கு வெற்றியே பிளாஸ்டரில் படுத்து அச்சுக் கொடுத்திருந்தான்.

ஒரு நாள் பழனிவேல் அவனை மட்டும் டீக்கு அழைத்தார். "சோயூஸ் கதையைச் சொல்லு தம்பி."

வெற்றிக்குத் தலைகால் புரியவில்லை. "அறுபத்தேழுல இருந்து இன்னிக்கும் ஆளேத்திட்டுப் பறக்குதுண்ணா. மூணு பாகம், நடுப்பாகம் மட்டும்தான் திரும்பி வரும். அதுக்குள்ள மூணு பேரை அடைக்க விண்வெளி உடையையே விட்டுட்டாங்க. எழுபத்தொண்ணுல பாகம் பிரியறப்ப ஒரு வால்வு திறந்து காத்தெல்லாம் போயிடுச்சு. தரையில கதவைத் திறந்தா மூணு பேரும் பொணம்."

"அப்புறம்?"

"ஒரு இருக்கையைத் தூக்கிட்டாங்க. பல வருஷம் ரெண்டே பேர்தான், உடையோட."

"சரியான முடிவா?"

"ரொம்பச் சரிண்ணா!"

"நம்ம கம்பெனியும் அப்படித்தான். ஆர்டர் இல்ல, மூணு பேரைத் தாங்காது."

"நான்தானே சீனியர் அண்ணா?"

"அவங்களைத் தொட்டா வக்கீலோட வருவாங்க. நீ நம்ம பையன், புரிஞ்சுக்குவே."

எவ்வளவு பாசம் பாருங்கள்!

"அபிதா டிக்கெட் எடுத்துட்டாண்ணா."

"சீக்கிரம் கேன்சல் பண்ணச் சொல்லு. அப்புறம், வாங்குறவங்க ரெண்டு இருக்கை போதும்னுட்டாங்க. மூணாவதை நீயே கழட்டிடு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாதிரியின் குறுகலான வாசலில் நுழைந்து, தன் முதுகின் பள்ளம் பதிந்த இருக்கையைத் திருகு திருகாகக் கழற்றி, குப்பைத் தொட்டிக்குத் தூக்கிப்போனான். பழனிவேல் பின்னாலேயே வந்தார்.

"வீணாக்காதே, கார்ல ஏத்து. என் நாய் படுத்துக்கும்."

வெற்றி ஏற்றினான். கார் கதவைச் சாத்திவிட்டு, வாய்ப் பழக்கத்தில் சொன்னான்: "வரேன்ணா."